சால்கோன், ஷிஃப் பேஸ், கூமரின், அசோ: பாக்டீரியா எதிர்ப்பும் ஒளி வினையும் வேண்டுமென்றால் எதை எடுப்பது?

"பாக்டீரியாவைத் தடுக்கணும், லைட்டுக்கும் ரெஸ்பான்ஸ் இருக்கணும். நாலைந்து புதுச் சேர்மம் பண்ணிக்கொண்டு வா." எம்.எஸ்சி. கடைசி ஆண்டிலோ பிஎச்.டி. முதல் ஆண்டிலோ கைடு இப்படிச் சொல்லி அனுப்பியதும் சேலத்து வேதியியல் மாணவர்கள் பலரும் ஒரே இடத்தில் திகைத்து நிற்கிறார்கள்: எந்தக் குடும்பத்தில் கை வைப்பது? ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் சால்கோன், ஷிஃப் பேஸ், கூமரின், அசோ என்ற நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நான்குமே எத்தனால் ஊற்றிய ஒரே குடுவையில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். உண்மையான செலவும் சிக்கலும் அந்தக் குடுவைக்கு வெளியே இருக்கின்றன.

## ஒளி என்ன வேலை செய்ய வேண்டும்?

இதைத் தீர்க்காமல் கெமிக்கல் ஆர்டர் போடக்கூடாது. மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. பலர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, ஒளிர்வது. புற ஊதாவையோ நீல ஒளியையோ வாங்கி வேறு நிறத்தில் உமிழ்வது. சேர்மம் செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று நுண்ணோக்கியில் பார்க்க இது உதவும். ஒளிர்வதாலேயே அது கிருமியைக் கொல்லும் என்று ஆகிவிடாது.

இரண்டாவது, வடிவம் மாறுவது. ஒரு அலைநீளத்தில் மூலக்கூறு வளைந்து, இன்னொன்றில் நிமிரும். வீரியம் ஒரு வடிவத்தில் மட்டும் இருந்தால், மருந்தை ஒளியால் திறக்கலாம், மூடலாம்.

மூன்றாவது, ஒளி பட்டால் மட்டும் கொல்வது. சேர்மம் ஒளியை உறிஞ்சி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனை, எதோடும் சட்டென வினைபுரியும் ஒற்றைநிலை ஆக்சிஜனாக்கும். அது செல் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கும். அக்ரிடின் சாயத்தில் விட்ட பாரமீசியங்கள் வெளிச்சத்தில் மட்டும் சாவதை 1900இல் மியூனிக்கில் ஆஸ்கார் ராப் கண்டார். இந்தத் துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

தொடக்கப் பொருள்கள் துறை அலமாரியிலேயே இருக்கின்றனவா, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமானவை வேறு.

காலம் குரோமடோகிராஃபி (சிலிக்கா நிரப்பிய குழாயில் கலவையைப் பிரிப்பது) ஓட்டாமல், மறுபடிகமாக்கலிலேயே சேர்மம் தூய்மையாகிறதா? சிலிக்கா, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் மூன்றும் சேர்ந்து பட்ஜெட்டை விழுங்கிவிடும். நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று எழுதியவர் பெரும்பாலும் 25 டிகிரியை மனதில் வைத்திருப்பார்; சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது லேப் 35ஐத் தாண்டும். 34.6 டிகிரியில் கொதிக்கும் டைஎத்தில் ஈத்தரை அந்த மாதங்களில் தொடாமலிருப்பதே நல்லது.

அடுத்தது, நீரில் என்ன ஆகிறது? பாக்டீரியா வளர்வது எத்தனாலில் அல்ல, பிஎச் 7.3 உள்ள குழம்பில் (ஊட்டச்சத்துக் கரைசலில்). அங்கே படிந்தாலோ உடைந்தாலோ உங்கள் அளவீடு எதைப் பற்றியது என்றே சொல்ல முடியாது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பிறகு, உங்களிடம் இருக்கும் விளக்குக்கு அது வினைபுரிகிறதா என்று பாருங்கள். டிஎல்சி (மெல்லடுக்குத் தகட்டில் சேர்மங்களைப் பிரிக்கும் சோதனை) பார்க்கும் பெட்டியில் 254, 365 நானோமீட்டர் இரண்டும் இருக்கும். 254 நேரடியாக டிஎன்ஏவைத் தாக்கிக் கிருமியைக் கொல்லும். சோதனைக்கு அது ஆகாது. 365 அல்லது நீல எல்இடி என்றே திட்டமிடுங்கள்.

## சால்கோன்

ஒரு கீட்டோனும் ஒரு ஆல்டிஹைடும் காரத்தில் இணைந்து வருவது சால்கோன். மலிவும் எளிமையும் வேண்டுமென்றால் இதுதான். 10 மில்லிமோல் அளவுக்கு அசிட்டோபீனோன் 1.20 கிராம், பென்சால்டிஹைடு 1.06 கிராம், எத்தனால் 15 மி.லி. பனி நீரில் வைத்துக் கலக்கிக்கொண்டே 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 5 மி.லி. சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கலக்க வேண்டும். நொறுக்கிய ஐஸில் ஊற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, வடிகட்டி, எத்தனாலில் படிகமாக்கலாம். முழு விளைச்சல் 2.08 கிராம், உருகுநிலை 55–57 டிகிரி.

இந்தத் தாழ்ந்த உருகுநிலைதான் வெயில் காலத்தில் தொல்லை. ஐஸில் ஊற்றும்போது பொடியாக விழாமல் எண்ணெயாகத் திரளும். பழைய படிகம் ஒன்றைத் தூவி, கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்சுவரைச் சுரண்டி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். 60 டிகிரி ஓவனில் உலர்த்தினால் உருகிவிடும். ஜன்னலோர வெயிலில் காயவைப்பதும் தவறு: இரட்டைப் பிணைப்பு ஒளியில் வடிவம் மாறும், சில படிகங்களில் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து நாற்கர வளையமாகிவிடும்.

விளைச்சல் காரணமே தெரியாமல் குறைந்தால் பென்சால்டிஹைடு பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது பென்சாயிக் அமிலம்; நீங்கள் ஊற்றும் காரத்தை அதுவே தின்றுவிடும். 2-ஹைட்ராக்சி அசிட்டோபீனோன் எடுத்தால் பீனால் முதலில் காரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் குறைந்தது மூன்று சமானக் காரமும் ஒரு முழு இரவும் தேவை. அதிலும் ஒரு பகுதி வளையம் மூடி ஃபிளவனோனாகிவிடக்கூடும்.

ஒளி விஷயத்தில் சாதாரண சால்கோன் ஏமாற்றும். ஒளிர்வே கிடையாது என்று சொல்லலாம். 4-டைமெத்திலமினோ பென்சால்டிஹைடில் (மூலக்கூறு எடை 149.19) செய்தால் கரைப்பானுக்கேற்ப நிறம் மாறும் நல்ல ஒளிர்வு வரும், ஆனால் நீர் கலந்த ஊடகத்தில் பெரும்பாலும் மங்கிவிடும். வீரியம், வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் பக்கம் சாயும். அதிமதுரத்தில் உள்ள லிக்கோசால்கோன் ஏ அப்படித்தான். கிராம் நெகட்டிவான ஈ. கோலைமீது பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். சால்கோனின் இரட்டைப் பிணைப்பு, புரதங்களில் உள்ள தயால் (கந்தகம்–ஹைட்ரஜன்) தொகுதிகளைப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவின் தயால், மனித செல்லின் தயால் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே சிவப்பணுச் சிதைவுச் சோதனையையும் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். அது ஒரு மறைசெலவு.

## ஷிஃப் பேஸ்

ஆல்டிஹைடும் அமினும் சேர்ந்து, நீர் வெளியேறி உருவாகும் இமின்தான் ஷிஃப் பேஸ். சாலிசிலால்டிஹைடு 1.22 கிராம், அனிலின் 0.93 கிராம், எத்தனால் 20 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு, ஒரு மணி நேர ரீஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துத் திருப்பியபடி கொதிக்கவைத்தல்). மஞ்சள் படிகம் விழுந்துவிடும். நான்கில் வேகமானது இதுதான். கடைசி நேரத்தில் பலர் இதற்குத் தாவுவதற்கும் காரணம் அதுதான்.

அந்த வேகத்துக்கான விலையை நீரில் கொடுக்க வேண்டியிருக்கும். உருவாகும்போது வெளியேறிய நீர் மூலக்கூறு, குழம்பில் திரும்ப வந்து இமின் பிணைப்பை உடைக்கும். 18 மணி நேரம் 35 டிகிரியில் வைத்த சோதனைத் தட்டின் கிணற்றில் (சிறு குழியில்) இருப்பது உங்கள் சேர்மமா, சாலிசிலால்டிஹைடா? சாலிசிலால்டிஹைடுக்கே பாக்டீரியா எதிர்ப்பு உண்டு. எனவே ஆல்டிஹைடையும் அமினையும் தனித்தனியாக அதே செறிவில் சோதிக்காத ஷிஃப் பேஸ் முடிவை நம்பக்கூடாது. சிலிக்காவிலும் இதே உடைப்பு நடக்கும். டிஎல்சியில் புள்ளி வால்விட்டு இழுப்பது அதனால்தான். கரைப்பானில் ஓரிரு சொட்டு டிரைஎத்திலமின் சேர்த்தால் சரியாகும். காலம் குரோமடோகிராஃபி மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். நீரற்ற எத்தனாலில் படிகமாக்குவதோடு நிறுத்துங்கள்.

சாலிசிலிடின் அனிலின் படிகங்கள் புற ஊதாவில் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் என்பது பெயர்பெற்ற செய்தி. அது படிக நிலையில் நடப்பது. அதுவும் மூலக்கூறு தட்டையாக இல்லாமல் முறுகி அடுக்கப்பட்ட படிகங்களில்தான். குழம்பில் கரைந்தபின் அந்தச் சிவப்பு நிலை நிமிடக்கணக்கில் நிற்காது. ஒளியால் வீரியத்தைத் திறந்து மூட நினைப்பவர்கள் இதை எடுத்துப் பயனில்லை.

உலோக அயனியோடு பிணைத்து உலோக அணைவு செய்தால் கதை மாறும். துத்தநாக அணைவு நன்றாக ஒளிரும், என்எம்ஆரும் (கட்டமைப்பைக் காட்டும் நிறமாலை) எடுக்கலாம். செப்பு அணைவு பொதுவாக அதிக வீரியம் காட்டும், ஆனால் ஒளிர்வை அணைத்துவிடும். பாரா காந்தத்தன்மையால் என்எம்ஆர் கோடுகளும் விரிந்து பயனற்றுப் போகும். செப்பு உப்பே கிருமிகளை அடக்கும் என்பதால் அதே மோலார் செறிவில் செப்பு அசிட்டேட் தனியாக ஒரு வரிசை வைக்க வேண்டும். அணைவு தயாரிக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பகுதி நிலத்தடி நீரின் கால்சியமும் மக்னீசியமும் கணக்கைக் கெடுக்கும்.

## கூமரின்

ஒளிர்வுதான் குறி என்றால் வேறு யோசனை தேவையில்லை. நோவோபயோசின் என்ற ஆன்டிபயாட்டிக்கிலேயே கூமரின் வளையம் இருக்கிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏ கைரேஸை (டிஎன்ஏவின் முறுக்கை மாற்றும் நொதி) அது தடுக்கிறது. அதற்காக எல்லாக் கூமரினும் கைரேஸைத் தடுக்கும் என்று முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். நோவோபயோசினின் சர்க்கரைப் பகுதிக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டு வழிகள். பெக்மான் வழியில் ரெசார்சினால் 1.10 கிராமை எத்தில் அசிட்டோ அசிட்டேட் 1.30 கிராமில் கரைத்து, பனியில் குளிர்ந்த அடர் கந்தக அமிலத்தில் 10 டிகிரி தாண்டாமல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரவு முழுதும் வைத்துவிட்டு, 100 கிராம் நொறுக்கிய ஐஸில் ஊற்றினால் 7-ஹைட்ராக்சி-4-மெத்தில் கூமரின் கிடைக்கும். வெப்பம் ஏறினால் பழுப்புப் பிசின். கோடையில் ஐஸுடன் உப்பும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சேர்மங்களுக்கு இரண்டாவது வழியே மேல். சாலிசிலால்டிஹைடு 1.22 கிராம், எத்தில் அசிட்டோ அசிட்டேட் 1.30 கிராம், கொஞ்சம் எத்தனால், பைப்பரிடின் மூன்று நான்கு சொட்டு; அரை மணி நேரத்துக்குள் மஞ்சள் திண்மமாக 3-அசிட்டைல் கூமரின் இறுகிவிடும். உருகுநிலை 120 டிகிரியை ஒட்டி இருப்பதால் சேலம் வெயில் இதை ஒன்றும் செய்யாது. அதன் அசிட்டைல் முனையில் வெவ்வேறு ஆல்டிஹைடுகளைச் சேர்த்தால் கூமரின்–சால்கோன் கலப்புகள். இங்கே சால்கோன் பழக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காரத்தில் கூமரினின் லாக்டோன் (எஸ்டர்) வளையம் திறந்துகொள்ளும். பைப்பரிடினிலேயே சில மணி நேரம் ரீஃப்ளக்ஸ் செய்யுங்கள்.

சாலிசிலால்டிஹைடுக்குப் பதில் 4-டைஎத்திலமினோ சாலிசிலால்டிஹைடு எடுத்தால் உறிஞ்சல் நீல ஒளிப் பகுதிக்கு நகரும். விலை கூடும், ஆனால் 365 நானோமீட்டரே தேவையில்லாமல் போகும். கிருமிகளுக்குத் தனியே தீங்கு செய்யும் புற ஊதாவைத் தவிர்க்க முடிகிறது என்பதால், அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பது தகும்.

ஒளிர்வைப் படிப்பதில் ஒரு கண்ணி உண்டு. 7-ஹைட்ராக்சி கூமரின்களின் ஒளிர்வு பிஎச்சைப் பொறுத்தது. அயனியான வடிவம்தான் நன்றாக ஒளிரும். பாக்டீரியா வளரும்போது குழம்பின் பிஎச்சும் மாறும். ஒளி கூடியதோ குறைந்ததோ சேர்மத்தின் செயலால் அல்ல, பிஎச்சால் இருக்கலாம். சூடோமோனாஸ் எருஜினோசா எடுத்தால் அதுவே பயோவெர்டின் நிறமியால் பச்சையாக ஒளிரும். சேர்மம் போடாத கிணறு ஒன்று கட்டாயம்.

## அசோ

இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் இணைந்தவை அசோ சேர்மங்கள். நான்கில், ஒளியால் வடிவத்தை மாற்றித் திரும்பவும் கொண்டுவர ஏற்ற குடும்பம் இது ஒன்றுதான். அசோபென்சீனின் நிமிர்ந்த வடிவம் 320 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சும், 365இல் வளையும், நீல ஒளியிலோ இருட்டில் மெல்லவோ நிமிரும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் பென் ஃபெரிங்காவின் குழு 2013இல் குயினோலோன் என்ற ஆன்டிபயாட்டிக் வகையோடு அசோவை இணைத்து, ஒளி பட்டால் வீரியம் ஏறி, சில மணி நேரத்தில் தானே இறங்கும் சேர்மத்தைக் காட்டியது.

அந்தச் சேர்மத்தைப் பார்த்துவிட்டுப் பீட்டா நாப்தாலில் ஒரு ஆரஞ்சுச் சாயம் செய்து "ஒளிமாற்றி" என்று பெயர் வைப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. பீட்டா நாப்தால் சாயங்கள் பெரும்பகுதி, நைட்ரஜன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இல்லாத ஹைட்ரசோன் வடிவில் இருப்பவை; வளையாது. பீனாலோடு இணைத்த 4-ஹைட்ராக்சி அசோபென்சீன் வளையும், ஆனால் நீரில் வினாடிக்கணக்கில் நிமிர்ந்துவிடும். நைட்ரோ ஒரு முனையிலும் டைஅல்கைலமினோ மறுமுனையிலும் உள்ளவை அதைவிட வேகம். பீனாலின் ஹைட்ராக்சியை மெத்தாக்சியாகவோ வேறு அல்காக்சியாகவோ மாற்றினால்தான் வளைந்த வடிவம் மணிக்கணக்கில் நிற்கும். அதாவது அசோ இரண்டு படிகள் கொண்ட வேலை. அட்டவணை போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: 4-அமினோ பென்சாயிக் அமிலம் 1.37 கிராம், நீர் 20 மி.லி., அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 மி.லி.; 0–5 டிகிரியில் சோடியம் நைட்ரைட் 0.70 கிராமை 5 மி.லி. நீரில் கரைத்து மெல்ல விட வேண்டும். உருவாவது டயசோனியம் உப்பு. ஸ்டார்ச்–அயோடைடு தாள் நீலமாக வேண்டும். மிஞ்சிய நைட்ரைட்டை யூரியாவால் தீருங்கள். காரத்தில் கரைத்த பீனால் 0.94 கிராமில் பிஎச் 9ஐ ஒட்டி வைத்து இதை ஊற்றினால் ஆரஞ்சு நிறம் எழும். 5 டிகிரி தாண்டினால் நைட்ரஜன் நுரைத்து, டயசோனியம் பீனாலாகிவிடும். டயசோனியம் உப்பை வடிகட்டி உலர்த்த ஒருபோதும் முயலாதீர்கள்; காய்ந்தால் வெடிக்கும்.

பாக்டீரியாவின் அசோரிடக்டேஸ் நொதி இந்தப் பிணைப்பை அறுத்து அமின்களாக்கும் என்பது இன்னொரு விஷயம். ஜெர்ஹார்ட் டோமாக் கண்டறிந்து 1935இல் வெளியிட்ட பிரான்டோசில் ஒரு சிவப்பு அசோ சாயம்தான். சோதனைக் குழாயில் அது கிருமியை ஒன்றும் செய்யவில்லை. உடலுக்குள் உடைந்து வந்த சல்பானிலமைடுதான் மருந்து என்பதைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் அதே ஆண்டில் காட்டினார்கள். உங்கள் அசோ சேர்மத்தின் வீரியமும் உடைந்த அமினுடையதாக இருக்கலாம். அமினைத் தனியே சோதியுங்கள். பென்சிடின், 2-நாப்திலமின் தரும் எதையும் தொடக்கூடாது. இரண்டும் புற்றுநோய் உண்டாக்குபவை.

கழிவை சிங்க்கில் ஊற்றவும் கூடாது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறு சாயப்பட்டறைக் கழிவாலேயே நலிந்து கிடக்கிறது. லேப்பிலிருந்தும் அதில் சேர்க்க வேண்டாம்.

## ஒளியில் கொல்வதே குறி என்றால்

நான்கிலும் இல்லை, போர்பிரின் (நான்கு பைரோல் வளையங்கள் இணைந்த பெரிய வளையம்) பக்கம் போக வேண்டும். புதிதாக வடித்த பைரோலையும் ஆல்டிஹைடையும் புரோப்பியோனிக் அமிலத்தில் அரை மணி நேரம் ரீஃப்ளக்ஸ் செய்தால் ஊதாப் படிகம் கிடைக்கும். விளைச்சல் 20 சதவீதத்தை ஒட்டித்தான். கிராம் நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சவ்வைத் தாண்ட நேர்மின் சுமை வேண்டும், அதற்குப் பிரிடில் வகையை மெத்தில் அயோடைடால் வினைபுரியச் செய்ய வேண்டும். நச்சு ஆவியை வெளியேற்றும் நல்ல ஃப்யூம் ஹூட் இல்லாத இடத்தில் இது வேண்டாம். சேலம் லீ பஜாரில் மஞ்சள் வாங்கி அதன் நிறமியான குர்குமினை எடுக்கலாமே என்ற யோசனையும் வரும். அது மூன்று குர்குமினாய்டுகளின் கலவை, பிஎச் 7ஐத் தாண்டினால் விரைவில் சிதையும்.

| | ஒளி வேலை | குழம்பில் | மறைசெலவு |
|---|---|---|---|
| சால்கோன் | அமினோ வகை மட்டும் ஒளிரும் | நிலையானது, கரைதிறன் குறைவு | நச்சுத்தன்மைச் சோதனை |
| ஷிஃப் பேஸ் | படிகத்தில் நிறமாற்றம். துத்தநாக அணைவு ஒளிரும் | உடையும் | ஆல்டிஹைடு, அமின், உலோக உப்புக்குத் தனி வரிசைகள் |
| கூமரின் | வலுவான ஒளிர்வு | நிலையானது | பிஎச் சரிபார்ப்பு, விலை கூடிய ஆல்டிஹைடு |
| அசோ | வடிவமாற்றம் | நொதியால் அறுபடலாம் | இரண்டாம் படி, கழிவு |
| போர்பிரின் | ஒற்றைநிலை ஆக்சிஜன் | சுமை இல்லாவிட்டால் கரையாது | காலம் குரோமடோகிராஃபி, ஃப்யூம் ஹூட் |

## சோதனையில்தான் பணம் கரைகிறது

எந்தக் குடும்பம் எடுத்தாலும் அகர் கிணற்று முறையில் வளைய அளவை (கிருமி வளராத வட்டத்தின் அகலம்) மட்டும் காட்டி முடிக்காதீர்கள். நீர் வெறுக்கும் சேர்மம் அகரில் நகராது, 10 மி.மீ. வளையம் என்பது வீரியக் குறைவா, நகராமையா என்று சொல்ல முடியாது. 96 கிணற்றுத் தட்டில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு எடுங்கள். கலங்கலை அளக்கும் மெக்ஃபர்லாந்து அளவுகோலில் 0.5 உள்ள பாக்டீரியாக் கலங்கலில் மி.லி.க்கு சுமார் 15 கோடி செல்கள். கிணற்றில் அது 5 லட்சமாக நீர்க்க வேண்டும். சேர்மத்தைக் கரைக்கும் கரைப்பானான டிஎம்எஸ்ஓ, கிணற்றில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மி.லி.க்கு 256 மைக்ரோகிராமில் தொடங்க வேண்டுமானால் ஒரு மி.லி. டிஎம்எஸ்ஓவில் 25.6 மில்லிகிராம் கரைந்தாக வேண்டும். பல சேர்மங்கள் அவ்வளவு கரையாது. அப்போது 128இல் தொடங்குங்கள். சண்டிகரின் எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து பாக்டீரியாத் திரிபுகளை வரவழைக்கும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

சாதாரண இன்குபேட்டர் சூடாக்க மட்டுமே தெரிந்தது. மே மாதத்தில் அறையே 37 டிகிரி இருந்தால் 35இல் நிற்காது. குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும். ஏற்காட்டு உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல்: சுமார் 1500 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால், ஆட்டோகிளேவ் முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி வராது. 17.5 பவுண்டுவரை ஏற்ற வேண்டும்; உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

ஒளிச் சோதனைக்கு நான்கு வரிசை வேண்டும்: சேர்மம்–ஒளி, சேர்மம்–இருட்டு, ஒளி மட்டும், இரண்டும் இல்லாதது. ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட் விளக்கை 600 வினாடி எரித்தால் 3 ஜூல். இந்த எண்ணை எழுதாமல் "10 நிமிடம் ஒளி" என்று மட்டும் எழுதினால் வேறு யாராலும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. எல்இடி தட்டைச் சூடாக்கும். சின்ன மின்விசிறி வைத்து, தட்டின் கிணறுகளில் உள்ள திரவத்தின் வெப்பநிலையையும் அளந்து எழுதுங்கள். நிறமுள்ள சேர்மத்தில் கலங்கலைக் கண்ணால் படிக்க முடியாது. உயிருள்ள செல்லைக் காட்ட நிறம் மாறும் ரெசாசுரினும் ஆரஞ்சுச் சாயத்தில் குழப்பும். அசோவுக்குக் கிணற்றிலிருந்து எடுத்து அகரில் பரப்பி, காலனி எண்ணுவதே வழி.

## யாருக்கு எது

ஒரே செமஸ்டர், ஒரே விளக்கு, குறைந்த பணம் என்றால் கூமரின்–சால்கோன் கலப்பு. காலம் குரோமடோகிராஃபி இல்லாமலே பெரும்பாலும் தூய்மையாகும், வெயில் தாங்கும், குழம்பில் உடையாது. ஆறு சேர்மம் செய்யுங்கள்; ஆல்டிஹைடின் நான்காம் இடத்தில் மட்டும் தொகுதியை மாற்றுங்கள், அப்போதுதான் எது வீரியத்தைக் கூட்டியது என்று சொல்ல முடியும். வெறும் சால்கோன், ஒளியைவிடக் கிருமி எதிர்ப்பே முக்கியம் என்பவர்களுக்கு. ஷிஃப் பேஸ், கனிம வேதியியல் பக்கம் உலோக அணைவு வேலை ஏற்கெனவே நடக்கும் துறைகளில் மட்டும். மூன்று ஆண்டு கையில் இருக்கும் பிஎச்.டி. மாணவர் துணிந்து அசோவை எடுக்கலாம். அல்காக்சி வகையிலேயே தொடங்கட்டும்.

எதை எடுத்தாலும் முதல் சேர்மத்தைச் செய்ததும் சென்னை ஐஐடியின் சைஃப் என்ற ஆய்வுக்கருவி மையத்துக்கு என்எம்ஆர் எடுக்க அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முதலில் பப்கெம் என்ற இணையச் சேர்மத் தரவுத்தளத்தில் கட்டமைப்பை வரைந்து, அது ஏற்கெனவே பதிவானதா என்று தேடுங்கள், கட்டணம் இல்லை. பிறகு குழம்பில் 24 மணி நேரம் வைத்து, 0, 2, 6, 24ஆம் மணியில் யூவி நிறமாலை எடுங்கள். வளைவு நகர்ந்தாலோ தாழ்ந்தாலோ சேர்மம் உடைகிறது அல்லது படிகிறது; மீதி ஐந்தையும் அதே வடிவில் செய்வதற்கு முன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.